மேலே நிற்பவருக்கு ஓர் ஆணி

மலைப்பாதை ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். மெடல் உண்டா, பனியன் என்ன நிறம், வழியில் போட்டோ எடுப்பார்களா, பாறையில் வழுக்காத ஷூ எந்தக் கடையில் கிடைக்கும். மேலே தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்கிறவர் யார், அவர் எப்போது எழுந்து வந்தார், எப்படி வீட்டுக்குப் போவார் என்று இதுவரை ஒரு பிள்ளை கேட்டதில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஓட்டத்தை நடத்துகிறவர்களுக்கே அது தோன்றவில்லையே.

நடத்துகிறவர்கள் என்றால் பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. ஒரு லிஃப்ட் மெக்கானிக், அவர் மனைவி, ஒரு சலூன்காரர், ஒரு பல் டாக்டர், அப்புறம் தெருவிலிருந்தும் வேலை செய்யும் இடத்திலிருந்தும் கெஞ்சிக் கூத்தாடி இழுத்து வந்த கொஞ்சம் பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. மொத்த வைத்தியமும் பல் டாக்டர் பொறுப்பு. கால் பிசகியவனைக்கூட முதலில் வாயைத் திறக்கச் சொல்லுவார் என்று ஒரு கேலி உண்டு. அவரும் சிரித்துக்கொள்வார், வேறு என்ன செய்வார்.

மெக்கானிக்குக்கு எப்போதும் ஒரே வேலை. ஓடுகிறவர்களில் கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து வருவது. யாரும் மலையில் தங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அதனால் அவருக்கு வாலு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதரை வாலு என்று கூப்பிடுவது அவர் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் அவளும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஓட்டத்துக்கு ஒரு பலகை உண்டு. அது மெக்கானிக்கின் யோசனை. லிஃப்ட் வேலையில் குழிக்குள் இறங்குவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. இறங்கியவன் மேலே வந்து தன் பூட்டைத் தன் கையால் கழற்றுகிற வரைக்கும், கட்டடத்தின் முதலாளியே வந்து தலைகீழாக நின்றாலும் லிஃப்டை அசைக்க முடியாது. அதைப் பார்த்துத்தான் அவர் பலகையைச் செய்தார். வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் எண் பொறித்த அலுமினியத் தகடு. ஓடப் போகிறவர் தன் தகட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்ததும் தானே அதை ஆணியில் மாட்ட வேண்டும். இன்னொருவருடையதை வாங்கி மாட்டக் கூடாது. காலியான ஆணி இருந்தால் மலையில் ஆள் இருக்கிறது என்று பொருள். பலகைக்குப் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பாள். எல்லா ஆணியும் நிறைந்ததும் பழைய பள்ளிக்கூட மணி ஒன்றை எடுத்து அடிப்பாள். எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு மேசை நாற்காலிகளை மடிப்பார்கள்.

முதன்முதலில் அந்தப் பலகையைச் சுவரில் மாட்டிய அன்று அதை ஏற இறங்கப் பார்த்தவர் மெக்கானிக்கின் மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

"ஏன் மாப்ளே, ஓடறவங்களுக்கு மட்டும்தான் ஆணியா? எங்கள மாதிரி மேல போயி நிக்கறவங்களுக்கு?"

"நீங்க எங்க மச்சான் தொலையப் போறீங்க? உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டா போதும். சாயங்காலம் வரைக்கும் அசைய மாட்டீங்க."

அங்கே நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மச்சான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அந்தத் தொழிலில் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்ட பிறகும், வேனைப் பூட்டுவதற்கு முன் கடைசி சீட் வரைக்கும் நடந்துபோய்க் குனிந்து பார்ப்பார், தூங்கிப்போன பிள்ளை எதுவும் கிடக்கிறதா என்று. கல்யாண வீட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனாலும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் தடிமாடு மாதிரி இருக்காங்க, சீட்டுக்கு அடியிலயா தூங்கப்போறாங்க என்று தங்கை கேலி செய்வாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

போன வருஷம் ஓட்டத்தன்று காலையில் மச்சானுக்குக் கடைசித் தண்ணீர் பாயின்ட் கிடைத்தது. மலை முதுகுக்கு அந்தப் பக்கம் உள்ள இடம். மற்றவர்களை ஏற்றி இறக்க ஒரு வண்டி இருந்தது. மச்சான் தன் வேனிலேயே அணைக்கட்டுச் சாலை வழியாகப் போய், அங்கே வேனை விட்டுவிட்டு ஏறிக்கொள்வதாகச் சொன்னார். தண்ணீர்க் கேன்கள், ஆரஞ்சுப் பழம், முதலுதவிப் பை, ஓடி வருகிறவர் யாருக்காவது குளிரெடுத்தால் போட ஒரு தடித்த ஜாக்கெட், எல்லாவற்றையும் வேனில் ஏற்றும்போது மெக்கானிக் சொன்னார்:

"மச்சான், கடைசி ஆளுக்குப் பின்னால நான் வருவேன். நான் வந்து நேர்ல சொல்ற வரைக்கும் எடத்தை விட்டு இறங்காதீங்க."

"நீ வராம நான் எதுக்குடா இறங்கப் போறேன்? உன்னை விட்டுட்டு வந்தா என் தங்கச்சி என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?"

அவர் பேசிய அந்த வாக்கியம் மெக்கானிக்குக்கு இன்றைக்கும் எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது.

அன்று கடைசியாக ஓடியவள் ஒரு மருந்துக்கடைப் பெண். முதல் தடவை வந்தவள். ஓடினாள் என்று சொல்வதைவிட, ஒவ்வோர் அடியாக மலையோடு மல்லுக்கட்டினாள் என்று சொல்லலாம். பின்னால் வந்த மெக்கானிக் அவளுக்கு வீட்டுக்கதை, லிஃப்ட் கதை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று வழி கூடும் இடத்துக்கு வந்தபோது அவளுக்கு ஒரு கல்லில் கால் புரண்டு முழங்கால் திருகிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கிவிட்டது. அந்த இடத்துப் பாயின்டில் நின்ற சலூன்காரர் ஓடி வந்து துணியைச் சுற்றிக் கட்டினார்.

அங்கிருந்து ஜீப் போகிற மண்சாலை ஒன்று கீழே இறங்குகிறது. போட்டிப் பாதையோ மேலே ஏறி, மச்சான் நிற்கிற இடத்தைத் தொட்டு, சுற்றிக்கொண்டு இறங்குகிறது. அந்த நேரம் பார்த்து டெலிபோன் டவரைப் பழுது பார்க்க வந்த ஜீப் ஒன்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கையைக் காட்டினார்கள், நின்றது. அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"என்னால முடியல சார். ப்ளீஸ், கீழ கூட்டிட்டுப் போயிடுங்க."

மெக்கானிக் மேலே பார்த்தார். மச்சான் நிற்கிற இடத்துக்குச் செங்குத்தான ஏற்றம். ஏறிப்போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும். ஜீப்காரர் இஞ்சினை அணைக்கவில்லை. மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மெக்கானிக்கின் கால்களும் காலையிலிருந்து நடந்து கெஞ்சிக்கொண்டிருந்தன. வாக்கி-டாக்கியை எடுத்து அழுத்தினார்.

"மச்சான், கடைசி ஆளு கால் பெரண்டு போச்சு. நான் ஜீப்ல கீழ கூட்டிட்டுப் போறேன். இனிமே யாரும் வர மாட்டாங்க. நீங்க இறங்கிடுங்க."

பதிலுக்குக் கர்ரென்று ஓர் இரைச்சல் வந்தது, அவ்வளவுதான். மனிதக் குரல் இல்லை. மலை முதுகுக்கு அந்தப் பக்கம் போனும் கிடைக்காது, வாக்கி-டாக்கியும் சரியாக எடுக்காது என்று அவருக்குத் தெரியும். லிஃப்ட் வேலையில் மேலே நிற்பவன் "ஏத்தலாமா?" என்று கேட்டால், கீழே இருப்பவன் "ஏத்தலாம்" என்று வாயால் திருப்பிச் சொன்னால்தான் கை சுவிட்சுக்குப் போகும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களை இதற்காக அவர் திட்டாத திட்டில்லை. அன்று அவர் அந்த இரைச்சலையே சரி என்று எடுத்துக்கொண்டார். பெண்ணைத் தூக்கி ஜீப்பில் உட்கார வைத்தார். சலூன்காரரும் தன் கேன்களை ஏற்றிக்கொண்டு கூடவே வந்தார்.

கீழே பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். அந்தப் பெண் இரண்டு பேர் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே வந்து, தன் தகட்டைக் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினாள். பலகையில் அதுதான் கடைசி ஆணி. மெக்கானிக்கின் மனைவி மணியை எடுத்து அடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். மெக்கானிக்கும் தட்டினார். சிரித்துக்கொண்டே தட்டினார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வகுப்பறைக்குள் ஒதுங்கி டீ குடித்தார்கள். பல் டாக்டர் முழங்காலைப் பார்த்துவிட்டு, பல்லாக இருந்தால் பிடுங்கியிருப்பேன் என்றார். வண்டி போய் மற்றப் பாயின்டில் நின்றவர்களையெல்லாம் ஏற்றி வந்தது. மச்சான்தான் தன் வேனில் வந்தவராயிற்றே, அவரை யாரும் தேடவில்லை. நேராக வீட்டுக்குப் போயிருப்பார் என்று எல்லோரும் அவரவர் மனதுக்குள் நினைத்துக்கொண்டார்கள். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது "போயிட்டாரா? யார் பாத்தா?" என்று கேட்டிருப்பார்கள்.

சாமான்களையெல்லாம் கட்டி முடித்து, மழை கொஞ்சம் ஓய்ந்து, வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோதுதான் மனைவி கேட்டாள்.

"ஏங்க, அண்ணனுக்கு எடுத்து வச்ச சாப்பாடு அப்படியே இருக்கு. வராமயே போயிட்டாரா?"

"மழைன்னு வீட்டுக்குப் போயிருப்பாரு."

"எங்கிட்ட சொல்லாமயா?"

போன் போட்டாள். மச்சானின் போன் கிடைக்கவில்லை. அண்ணிக்குப் போட்டாள். மெக்கானிக் நாற்காலியை மடித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணி, அண்ணன் வந்துட்டாரா?" அவள் கேட்பது மட்டும்தான் காதில் விழுந்தது. "இல்லையா? இல்ல அண்ணி... இங்க இல்லையே."

மெக்கானிக் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். அந்தக் கர்ரென்ற இரைச்சல் மறுபடியும் காதுக்குள் கேட்டது. தான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எதிரே பலகையில் எல்லா ஆணியும் நிறைந்து, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

"நான் இறங்கச் சொல்லல," என்றார். "நான் நேர்ல போய்ச் சொல்லல. அவரு அங்கயே இருக்காரு."

மருந்துக்கடைப் பெண் அப்பாவுக்காகக் காத்துக்கொண்டு அந்த வகுப்பறையிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து நிற்கப் பார்த்தாள், வீங்கிய முழங்கால் விடவில்லை.

அன்றைக்கு முழுக்க நின்று களைத்த மனிதர்கள்தான் திரும்பவும் மலை ஏறினார்கள். ஒருவரும் மூக்கால் அழவில்லை. பாதிப் பேரை அணைக்கட்டுச் சாலைக்கு அனுப்பினார்கள். வேன் விட்ட இடத்திலேயே நிற்கிறது என்று அங்கிருந்து தகவல் வந்தது. மெக்கானிக்கும் சலூன்காரரும் ஜீப் சாலை வழியாக மூன்று வழிக்கு வந்து அங்கிருந்து ஏறினார்கள். மத்தியானம் ஏறத் தயங்கிய அதே ஏற்றம். மண் வழுக்கியது. மெக்கானிக் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தார். சலூன்காரர் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை நேரம் மெதுவாக இருந்ததுதானே தப்பு என்று மெக்கானிக்குக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

மேலே நாற்காலி இருந்தது, மச்சான் இல்லை. காலிக் கேன்களை ஒன்றின் மேல் ஒன்றாக அழகாக அடுக்கி வைத்திருந்தார். ஆரஞ்சுத் தோலைக்கூடப் பொறுக்கி ஒரு பையில் கட்டியிருந்தார். முதலுதவிப் பையையும் ஜாக்கெட்டையும் காணோம்.

மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. தன்னைக் கடந்து ஓடியவர்களை மச்சான் எண்ணிக்கொண்டே இருந்திருப்பார், வேனில் பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி. ஒரு ஆள் வரவில்லை. பின்னால் வருவேன் என்ற மாப்பிள்ளையும் வரவில்லை. வாக்கி-டாக்கியில் பேச்சு இல்லை. மழை வேறு. யாரோ எங்கேயோ விழுந்து கிடக்கிறார்கள், மாப்பிள்ளை அவர்களோடு மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, பையைத் தூக்கிக்கொண்டு, ஓட்டக்காரர்கள் வருகிற பாதையிலேயே எதிர்த்திசையில் தேடி இறங்கியிருக்கிறார். வேனின் கடைசி சீட் வரைக்கும் குனிந்து பார்க்கிறவர் வேறு என்ன செய்வார்?

விசிலை ஊதிக்கொண்டே பாதையின் இரண்டு ஓரமும் பார்த்துக்கொண்டு திரும்ப இறங்கினார்கள். ஏறி வரும்போது அவசரத்தில் கவனிக்காத ஒரு வளைவில் புல்லில் சறுக்கிய தடம் தெரிந்தது. டார்ச்சைக் கீழே காட்டினார்கள். பாறை இடுக்கில் மச்சான் கிடந்தார். ஒரு கால் பார்க்கச் சகிக்காதபடி மடங்கியிருந்தது.

"மச்சான்! மச்சான்!"

"மாப்ளே..." குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "இந்த வளைவுக்குக் கீழ நான் இன்னும் பாக்கலடா. நீ போயிப் பாரு. ஒரு ஆளு இன்னும் வரல."

மெக்கானிக் அவர் பக்கத்தில் மண்டியிட்டார். உடம்பு சில்லிட்டிருந்தது. மழையில் ஊறிய ஒற்றைச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தலைமாட்டில் முதலுதவிப் பை இருந்தது. அதற்குள் ஜாக்கெட் மடித்தபடி, பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு சொட்டு ஈரம் படாமல் இருந்தது.

"ஏன் மச்சான் இதைப் போட்டுக்கல? பக்கத்துலயே வச்சுக்கிட்டு ஏன் போட்டுக்கல?"

"நனைஞ்சு போனா வர்றவங்களுக்கு எதைப் போடறது?"

மெக்கானிக் ஜாக்கெட்டைப் பிரித்து அவருக்குப் போட்டுவிட்டார். பொத்தான்களைச் சலூன்காரர் போட்டார்.

"ஒரு பொண்ணுதான் மச்சான் கடைசி. அந்தப் பொண்ணு வந்துட்டா."

"எப்போ?"

சலூன்காரர் தலையை நிமிர்த்தி மெக்கானிக்கைப் பார்த்தார். இப்போதுதான் வந்தாள் என்று சொல்லிவிடு என்று அந்தப் பார்வை கெஞ்சியது. சொல்லியிருக்கலாம். யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் பொய்யான சரி ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டது போதும், மச்சானிடம் இன்னொன்றைக் கொடுக்க அவருக்கு நா எழவில்லை.

"மத்தியானமே வந்துட்டா. நான்தான் ஜீப்ல கூட்டிட்டுப் போனேன். உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். சொல்லல மச்சான். விட்டுட்டுப் போயிட்டேன்."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"தகட்டை மாட்டிட்டாளா?"

"மாட்டிட்டா."

"மணி அடிச்சீங்களா?"

"அடிச்சோம்."

"எனக்குக் கேக்கல," என்றார் மச்சான். அதில் கோபம் துளியும் இல்லை. "காத்து எதிர்ப்பக்கமா அடிச்சிருக்கும்."

மெக்கானிக் அவரைத் தோளில் சுமந்துகொண்டு இறங்கினார். சலூன்காரர் அந்தக் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் மற்றவர்கள் வந்து சேர்ந்து, வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அவர் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் காலைச் சரி செய்துவிடலாம் என்றார்கள். குளிர்தான் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு நாள் மூச்சுக்குப் போராடிவிட்டு மச்சான் போய்ச் சேர்ந்தார். இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மெக்கானிக்கின் மனைவி சண்டை போடவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மணியை மட்டும் பழைய துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். அவர் ஏதோ ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "என்னை ஏதாவது திட்டேன்," என்று கேட்டார். "திட்டினா உங்க மனசு ஆறிடும்," என்றாள் அவள், "என் மனசு?" அதற்கு மேல் இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மருந்துக்கடைப் பெண் ஒரே ஒரு தடவை போன் செய்தாள். பேச்சு வராமல் அழுதுவிட்டு வைத்துவிட்டாள். அவள்மேல் தப்பு இல்லை என்று சொல்ல அவர் பிறகு அந்தக் கடைக்கே போனார். அவள் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இந்த வருஷம் ஓட்டம் வேண்டாம் என்றார் மெக்கானிக். வேண்டும் என்று சொன்னவர் அண்ணி, மச்சானின் மனைவி. "அவரு வருஷா வருஷம் புதுச் சட்டை போட்டுட்டுப் போவாரு அதுக்கு. அவருனால அது நின்னு போச்சுன்னு ஆக வேணாம்," என்றார். மெக்கானிக் அந்தப் பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய வரிசைக்கு மேலே இன்னொரு வரிசை ஆணி அடித்தார். தண்ணீர் கொடுப்பவருக்கு, வழி காட்டுபவருக்கு, வண்டி ஓட்டுபவருக்கு, பின்னால் நடப்பவருக்கு, எல்லோருக்கும் ஒவ்வொரு தகடு. தனக்கு ஒன்று. முதல் ஆணிக்கு உரிய தகட்டைச் செய்துவிட்டு அதை மாட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஓட்டத்தன்று காலையில் மைதானத்தில் ஓட்டக்காரர்கள் நின்றார்கள். தொடங்குவதற்கு முன் அவர்களுக்கு நாலு வார்த்தை சொல்வது மெக்கானிக்கின் வழக்கம். பாறை வழுக்கும், பாம்பைப் பார்த்தால் அதற்கும் வழி விடுங்கள் என்று சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். இந்தத் தடவை பாறையையும் பாம்பையும் விட்டுவிட்டார்.

"உங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கணும்," என்றார். "மேல தண்ணி குடுக்கறவங்க யாரும் காசுக்கு வரல. அவங்கள்ள ஒருத்தரு போன வருஷம் செத்துப் போயிட்டாரு. எம் மச்சான். ஓடின ஒரு பொண்ணு பாதியில நின்னுட்டா. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. நான்தான் அவர்கிட்ட போய்ச் சொல்லல. சொல்லாததுனால அவரு அந்தப் பொண்ணைத் தேடிப் போனாரு."

மெக்கானிக் ஓட்டக்காரர்கள் பக்கம் ஓரடி முன்னால் வந்தார்.

"முடியலைன்னா நின்னுடுங்க. வெக்கப்படாதீங்க. ஆனா பக்கத்துல இருக்கற பாயின்ட்டுக்குப் போயி, இருக்கறவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டு நில்லுங்க. சிநேகிதன்கிட்ட சொல்லி அனுப்பாதீங்க, நண்பன் வண்டியில ஏறி நைசா வீட்டுக்குப் போயிடாதீங்க. அவங்க திருப்பி உங்ககிட்ட சரின்னு சொல்ற வரைக்கும் நகராதீங்க. நீங்க சொல்லாம போனா, நீங்க வீட்டுல காலை நீட்டி உக்காந்திருப்பீங்க, மலையில ஒருத்தர் உங்களத் தேடிக்கிட்டு இருப்பாரு. அவருக்கும் ஒரு வீடு இருக்கு." மலையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அன்று வானம் வெளுத்திருந்தது. மெக்கானிக் கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்தார். ஒவ்வொரு பாயின்டிலும் நின்று, இனி யாரும் இல்லை, இறங்கலாம் என்று சொல்லி, இறங்கறோம் என்று அவர்கள் வாயால் சொல்லக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். மலை முதுகுக்கு அந்தப் பக்கம் கடைசிப் பாயின்டில் சலூன்காரர் நின்றார். மச்சான் உட்கார்ந்த நாற்காலிதான். சலூன்காரர் அதில் உட்காரவில்லை.

கீழே வந்தபோது பலகையில் தகடுகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஓட்டக்காரர்கள் மாட்டி முடித்தார்கள். மேல் வரிசைக்காரர்கள் மாட்டினார்கள். மெக்கானிக்கும் தன்னுடையதை மாட்டினார். முதல் ஆணி ஒன்றுதான் காலி. மணி மேசையின்மேல் இருந்தது. மனைவி அதைப் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தது அவருக்கு அதுவரை தெரியாது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் மணியைத் தொடாமல் அவர் பக்கம் கையை நீட்டினாள்.

"குடுங்க."

"என்ன?"

"உங்க பையில இருக்கறதை. காலையிலேர்ந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கீங்க."

"அந்த ஆணி காலியாவே இருக்கட்டும்," என்றார் அவர். "நான் பண்ணினது எப்பவும் என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

"அதுக்கு எங்கண்ணன் இன்னும் மலையிலயே நனைஞ்சுக்கிட்டு நிக்கணுமா?"

அவள் அந்தக் காலி ஆணியைக் கை காட்டினாள்.

"ஆணி காலியா இருந்தா மேல ஆள் இருக்குன்னுதானே அர்த்தம்? நீங்கதானே வச்சீங்க அந்தச் சட்டத்தை? எங்கண்ணன் இறங்கி வந்தாச்சுங்க. நீங்கதான் தோள்ல தூக்கிட்டு வந்தீங்க. யாருக்கும் குடுக்காம நீங்களேதான் தூக்கிட்டு வந்தீங்க, சலூன்காரரு சொன்னாரு." அவள் குரல் உடைந்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அப்போதுதான் அவர் முன்னால் அவள் அழுதாள். "என்னாலயும் முடியல. அவரை வீட்டுக்கு வர விடுங்க."

அவர் பையிலிருந்து தகட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தாள். எட்டாத உயரத்தில் இருந்த ஆணிக்காக நாற்காலியில் ஏறினாள். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மாட்டிவிட்டு இறங்கி வந்து அவள் மணியை அடித்தாள். யாரும் கை தட்டவில்லை. காற்று மலைப்பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.